கருவில் ஆறிய காயம்

திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டுக் கரியாக்குவார்கள். என் தம்பி அப்படி ஒரு மூட்டத்தின் மேல் ஏறி, விரிசலுக்கு மண் போட்டுக்கொண்டிருந்தபோது மேல்மண் உள்வாங்கிவிட்டது. காலை இழுத்துக்கொண்டான்; ஊன்றிய வலது கை உள்ளே தணலுக்குள் போய்விட்டது. முழங்கை வரை வெந்துபோனது.

நான் அப்போது வெளியூரில் ஒரு கால்நடை ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். சினையான செம்மறி ஆட்டை மயக்கி, வயிற்றைத் திறந்து, கருப்பைக்குள் இருக்கும் குட்டியின் தோலில் சின்னதாக ஒரு கீறல் போட்டு, மறுபடி எல்லாவற்றையும் தைத்து மூடுவோம். பாதிச் சினையில் போட்ட கீறல் தழும்பே இல்லாமல் ஆறிவிடும். ரோமம்கூட ஒழுங்காக முளைத்திருக்கும். பிறகு இடமே தெரியாது என்பதால் கீறலின் இரண்டு முனையிலும் கறுப்பு மையால் புள்ளி குத்தி வைப்போம். அதே கீறலைச் சினை முற்றிய பிறகு போட்டால் தழும்பு விழுந்துவிடும். ஏன் என்பதுதான் எங்கள் கேள்வி. எலியிலும் இதைச் செய்கிறார்கள். ஆனால் எலியின் கரு விரல்நுனி அளவு, சினைக்காலமும் மூன்று வாரம்தான். ஆட்டுக்கு ஐந்து மாதம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் தம்பி பச்சைப்பிள்ளை மாதிரி அழுதான். அவன் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டேன்.

"ஏலே, அழுகாத. தழும்பே இல்லாம ஆறுறதத்தான் நாங்க படிச்சுக்கிட்டு இருக்கோம்."

பொய் இல்லை. ஆனால் கருவில் இருக்கும் தோலுக்கு மட்டும்தான் அப்படி என்பதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்தப் பாதிக்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

அடுத்த வருஷம் நாள் சரியாகத் தெரிந்த சினை ஆடுகள் எங்களுக்குத் தேவைப்பட்டன. முறைப்படி அனுமதி வாங்கி, மூட்ட வேலையை விட்டுவிட்டு நரிக்குடிப் பக்கம் ஆடு வளர்த்துக்கொண்டிருந்த தம்பியிடமே கேட்டேன். கிடாய்களின் வயிற்றில் சாக்கைக் கட்டிச் சேரவிடாமல் வைத்து, எந்த நாள் அவிழ்த்தான், எந்த ஆடு சேர்ந்தது என்று இடது கையால் நோட்டில் கோணல்மாணலாக எழுதித் தந்தான். ஒரு நாள்கூடப் பிசகவில்லை. கிடாய்க்குக் கோவணம் கட்டுகிறவன் என்று ஊரே கேலி செய்ததாம். அக்கா மேல் தம்பிக்கு எவ்வளவு பாசம் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். மடச்சி!

தழும்பு இறுகி விரல்களை இழுக்கும், தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்க வேண்டும், சீக்கிரம் வா என்று மதுரை டாக்டர் அவனிடம் கை வெந்தபோதே சொல்லியிருந்தார். போனில் கேட்கும்போதெல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்பான். எனக்கும் வேலை. துருவிக் கேட்கவில்லை.

அவன் கொடுத்த ஆடு ஒன்று குட்டி போட்டதைப் போனில் சொன்னதும் பஸ் ஏறி வந்துவிட்டான். கொட்டிலில் அவனைப் பார்த்ததும் என் கண் அந்தக் கைக்குத்தான் போனது. நாலு விரலும் உள்ளங்கையோடு சுருண்டு கிடந்தன. ஆபரேஷனுக்கு ஏன் போகவில்லை என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் இடம் பொருள் தெரியாது.

"தொடையில வேற உரிக்கணும்னாக. ஒன் மருந்து வரட்டும்னு இருந்தேன்க்கா."

சொல்லிவிட்டு உட்கார்ந்து, குட்டியை மடியில் இழுத்து, இடது கையால் ரோமத்தை விலக்கினான். இரண்டு கறுப்புப் புள்ளிகளுக்கு நடுவே விரலால் தடவித் தடவிப் பார்த்தான். ஒன்றுமில்லை, வழுவழுவென்று இருந்தது. அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கொட்டிலை விட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது.

"அது பொறக்குறதுக்கு முன்னாடி இருக்குற தோலுக்கு மட்டுந்தான்லே," என்றேன். "ஒனக்கு இல்ல."

அவன் குட்டி மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"இது ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மொதல்ல இருந்தே."

தாய் ஆட்டின் வயிற்றில் நாங்கள் தைத்த தழும்பு தடித்துப்போயிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுவாரம் நானே அவனை மதுரைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு மூட்டாக அசைத்தார். முதலிலேயே வந்திருந்தால் நாலு விரலையும் நிமிர்த்தியிருக்கலாம், இப்போது மூட்டு இறுகிவிட்டது, இரண்டு விரல் வரும், மற்ற இரண்டும் வராது என்றார். நான் தலை நிமிரவில்லை.

தம்பி இடது கையைத் தூக்கி அவரைக் கும்பிட்டான்.

"உள்ளத உள்ளபடி சொன்னீக டாக்டரு. அது போதும்."

என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அவனுக்கு அப்படியெல்லாம் பேசத் தெரியாது.