மரத்தை ஒதுக்கியவனின் மனைவிக்கு விசா

1. சைக்கிளோடு வந்த பெண்

கள்ளக்குறிச்சியில் தனியாக வக்கீல் போர்டு மாட்டி மூன்றாவது மாதம். இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. கோர்ட்டில் வேலையும் இல்லை. ஆபீசில் சும்மா உட்கார்ந்திருந்தபோது ஒரு கர்ப்பிணிப் பெண் ஆம்பளை சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

பெயர் மல்லிகா. மலேசியாவில் பிறந்தவள், அந்த நாட்டுப் பிரஜை. அங்கே ஹோட்டலில் வேலை பார்த்த கச்சிராயபாளையத்து ஏழுமலையைப் பதிவுத் திருமணம் செய்திருந்தாள். அவன் அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். கரும்பைப் பார்க்க ஆளில்லை என்று அவன் ஊர் திரும்ப, இவள் விசிட் விசாவில் கூட வந்துவிட்டாள்.

மறுநாளோடு விசா முடிகிறது. நீட்டிப்பு மனுவை மாவட்டத் தலைநகரில் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் நேரில் கொடுக்க வேண்டும். பஸ் ஓடாததால் ஏழுமலை அவளைக் கேரியரில் உட்கார வைத்து மிதித்திருக்கிறான். கள்ளக்குறிச்சி தாண்டியதும் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம். கிளையை இழுத்து ஒதுக்கி வழி செய்துகொண்டிருந்தபோது போலீஸ் வேன் வந்தது.

"வெட்டுனது இவரு இல்லைங்க, ஒதுக்குறாருன்னு கத்துனேன் சார். யாரும் காதுல வாங்கல. வேன்ல ஏத்திட்டாங்க" என்றாள்.

பன்னிரண்டு நாள் கழித்து அவனுக்கு ஜாமீன் வாங்கினேன். அதற்குள் விசா காலாவதியாகிவிட்டது. ரோடு திறந்ததும் இருவரையும் அழைத்துக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி மனுவைக் கையில்கூட வாங்கவில்லை.

"பஸ் ஓடலன்னா அதுக்கு நான் இன்னா பண்றது வக்கீல் சார்? கெடு முடிஞ்சா முடிஞ்சதுதான். அந்தம்மா ஊருக்குப் போயி அங்கேர்ந்து புதுசா கேக்கட்டும்."

ஐகோர்ட்டுக்குப் போயிருக்கலாம். எனக்கு அனுபவம் போதாது, தைரியமும் இல்லை. "ஆறு மாசத்துல திரும்பி வந்துடலாம்மா" என்று சொல்லி அனுப்பிவைத்தேன். ஏழாம் மாத வயிற்றோடு அவள் விமானம் ஏறினாள். அங்கே பெண் குழந்தை பிறந்தது. படுத்த அப்பாவையும் கரும்பையும் விட்டுவிட்டு ஏழுமலையால் அங்கே போக முடியவில்லை.

2. ஒரு வரி

ஐந்து வருடத்தில் நான்கு முறை மனைவி என்ற முறையில் விசா கேட்டாள். நான்கு முறையும் ஒரே வரி: 'தங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை.' காரணம் கிடையாது. காலாவதிக்குப் பிறகு தங்கியதுதான் காரணமென்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அன்றைக்கு ரோடு மறிக்கப்பட்டிருந்ததற்குத் தாசில்தாரிடம் சான்று வாங்கி வைத்தேன். பலனில்லை.

இதே போல் சங்கராபுரத்தில் ஒருவர், மணலூர்பேட்டையில் ஒருவர், மனைவியைக் கடல் தாண்டி விட்டுவிட்டுத் தவித்தார்கள். எல்லோரையும் சேர்த்து டெல்லிக்கு மனு போட்டேன். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், புருஷன் பெண்டாட்டி இருவரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், மேல்முறையீட்டுக்கு வழி வேண்டும் என்று மூன்று கோரிக்கை. வருஷம் தவறாமல் அனுப்பினேன். 'பரிசீலனையில் உள்ளது' என்று வருஷம் தவறாமல் பதிலும் வந்தது.

ஐந்தாம் வருடம் வேறு வேலையாக அந்த அலுவலகம் போனபோது, பழைய கிளார்க் ஒருவர் டீக்கடையில் பேச்சுவாக்கில் சொன்னார்.

"காலாவதியெல்லாம் மன்னிச்சிடுவாங்க சார். அவ புருஷன் மேல ரோடு மறியல் கேசு இருக்குதே. விசாரணைக்கு எழுதுனா ஸ்டேஷன்லேர்ந்து அததான் எழுதி அனுப்பிக்கினு இருக்காங்க."

கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கேஸ் கட்டு என் ஆபீஸ் பீரோவில்தான் இருந்தது.

"கேச முடிச்சிடலாங்களா சார்?" என்று ஏழுமலை ஒவ்வொரு வாய்தாவுக்கும் கேட்பான். "போராட்டக் கேஸையெல்லாம் கவர்மெண்டே மொத்தமா வாபஸ் வாங்கிடும். அவசரப்படாத" என்பேன். இருபதுக்கும் மேல் வாய்தா. பாதிக்கு மேல் நானே கேட்டு வாங்கியது.

3. விசாரணை

அடுத்த மாதமே விசாரணைக்கு எடுத்துக்கொள்ள வைத்தேன். அரசுத் தரப்புச் சாட்சி அன்றைக்கு வேனில் வந்த ஏட்டு. குறுக்கு விசாரணையில் நான்கே கேள்வி கேட்டேன்.

"நீங்க போனப்ப மரம் எப்படி இருந்துது?"

"ஏற்கெனவே வுழுந்து கெடந்துதுங்க."

"இவரு கையில கோடாலி இருந்துதா?"

"இல்லிங்க. கிளைய இழுத்துக்கினு இருந்தாரு."

"எந்தப் பக்கம்?"

"ஓரத்துக்குங்க."

"கூட யாராவது இருந்தாங்களா?"

"ஒரு பொம்பள சைக்கிளப் புடிச்சிக்கினு அழுதுகினு இருந்துதுங்க."

மதியத்துக்குள் விடுதலை. வெளியே வந்ததும் ஏழுமலை கேட்டான்: "அவ்ளோதாங்களா சார்? பத்து நிமிஷந்தானா?"

தீர்ப்பு நகலோடு ஐந்தாவது விண்ணப்பத்தைத் தயார் செய்து மல்லிகாவின் கையெழுத்துக்கு அனுப்பினேன். கையெழுத்தில்லாமலே திரும்பி வந்தது. கூடவே கடிதம்.

'சார், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. அப்பா எங்கே என்று கேட்பதை நிறுத்திவிட்டது. நானும் ஒவ்வொரு தடவையும் பெட்டி கட்டி வைத்துப் பிரித்து அலுத்துவிட்டேன். இனி எனக்காக மனு எழுத வேண்டாம். அவரை வேறு கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லுங்கள்.'

நானே கச்சிராயபாளையம் போய் கரும்புக் கொல்லையில் வைத்து அதைப் படித்துக் காட்டினேன். தப்பு என் மேல்தான், வாய்தா வாங்கியது நான்தான் என்பதையும் சொன்னேன். அவன் ஒரு கரும்பின் சோகையை உரித்துக்கொண்டே கேட்டான்.

"வக்கீல மாத்துன்னு எங்க மாமா சொன்னாருங்க" என்றான் கடைசியில். "நீங்க நல்லவருன்னு நாந்தான் மாத்தல."

நாங்கள் கேட்ட மூன்றில் ஒன்றுகூட நான் பிராக்டிஸை விடும்வரை வரவில்லை. புதிதாக வரும் ஜூனியர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். அரசாங்கம் காரணம் சொல்லாவிட்டால் அதை நீங்களாக ஊகிக்காதீர்கள், நேரில் போய்த் தேடுங்கள். கட்சிக்காரர் கேஸை முடிக்கச் சொன்னால் முடித்துக் கொடுங்கள். ஏன் அவசரம் என்பது அவருக்குத் தெரியும்.