இல்லாத மாடிக்கு வந்த வரி

எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது. மொட்டை மாடிதான். அதன்மேல் நான்கு இரும்புக் குழாய் நட்டு, தகரம் போட்ட கொட்டகை ஒன்று. மழைக்காலத்தில் தளம் ஒழுகிச் சுவரெல்லாம் பாசி பிடித்ததால் போட்டது. சுவர் இல்லை, கதவு இல்லை, ஒரு பல்புகூட இல்லை. துணி காயும், வற்றல் காயும், பக்கத்து வீட்டுப் பூனை படுத்துக் கிடக்கும். அதை 'முதல் தளம், குடியிருப்பு' என்று எழுதி எங்களுக்குச் சொத்து வரி போட்டிருந்தார்கள். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே தினமும் பஸ்ஸில் போய்வருகிறவள் நான். வீடு ஒரு ஊரில், நைட்டி தைக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை இன்னொரு ஊரில். எது எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். அரையாண்டுக்கு ஒரு தடவை வரி கட்ட நகராட்சி ஆபீசில் அதே ஜன்னலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

வரி எல்லோருக்கும்தான் கூடியது. தெருவில் எல்லாரும் புலம்பினோம். ஆனால் பக்கத்து வீட்டு அக்கா காட்டிய ரசீதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் வீடும் எங்கள் வீடும் ஒரே கொத்தனார் ஒரே வருஷத்தில் கட்டியவை, ஒரே அகலம், ஒரே நீளம். எங்களுக்கு மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

"ஏட்டி, கட்டிட்டுப் போயிருவோம். ஆபீஸ்காரங்ககிட்ட வம்பு வளக்காத" என்றார் என் வீட்டுக்காரர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐம்பது பைசா சில்லறைக்காகப் பயணியோடு மல்லுக்கட்டிய மனுஷர், இதில் மட்டும் இப்படிப் பம்முகிறாரே என்று எனக்கு அவர்மேலும் எரிச்சல்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு நகராட்சி ஆபீசுக்குப் போனேன். ஜன்னலுக்குள் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மொதல்ல பணத்தைக் கட்டுங்கம்மா. பொறவு மனு குடுங்க."

"எதுக்கு இம்புட்டுக் கூடுச்சுன்னு சொல்லுங்க, கட்டுதேன்."

"கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வந்திருக்கு."

கம்ப்யூட்டர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து அளந்ததா என்று கேட்டேன். அடுத்த ஆள் வாங்க என்றார். வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் ஒருவர், "அக்கா, நான் முடிச்சுத் தாரேன், உள்ள ஆள் இருக்கு" என்று கூடவே வந்தார். எனக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டியதை எனக்கே விற்க வந்த அந்த ஆளை அங்கேயே நாலு வார்த்தை கேட்டேன். சைக்கிள் ஸ்டாண்டில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுப் பக்கம் மனு டைப் அடித்துக் கொடுக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். கம்பெனியில் ஒரு பிள்ளை சொல்லி அவளிடம் போனேன். நான் கொட்டிய கோபத்தையெல்லாம் கேட்டுவிட்டு, "அக்கா, இதுல ஒண்ணைக்கூட எழுத முடியாது" என்றாள். "உங்க வீட்டை அவிய எப்படிப் பதிஞ்சு வச்சிருக்காங்கன்னு மொதல்ல தெரியணும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல பதிவேட்டு நகல் கேப்போம். வந்த பொறவு சண்டையை வச்சுக்கலாம்."

நகல் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதில்தான் அந்த 'முதல் தளம்' இருந்தது. தெருமுனையிலிருந்து பார்த்தால் தகரம் தெரியும். யாரோ அங்கிருந்தே பார்த்து, படியேறச் சோம்பல்பட்டு, ஒரு வீட்டின் மேல் இன்னொரு வீட்டைக் கட்டிவிட்டார்கள். ஒரு பேனா போதுமாக இருந்திருக்கிறது. நாங்கள் கீழ்த்தளம் கட்ட எட்டு வருஷம் கடன் அடைத்தோம்.

நகலை அவளிடம் கொண்டுபோனேன். படித்துவிட்டு, "கீழ்த்தளத்தையும் ஒருக்கா டேப்பு வச்சு அளந்து பாத்துட்டு எழுதுவோமா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் சரியாத்தான் இருக்கும். மாடியைப் பத்தி மட்டும் எழுது" என்றேன். நாள் முழுக்க அளவெடுப்பதே தொழிலாக உள்ளவள் நான். அன்றைக்குக் கோபம் என்னைக் கீழே பார்க்கவிடவில்லை.

அவள் அடித்த மனு ஒரே பக்கம்தான். திட்டு இல்லை, கெஞ்சல் இல்லை. கொட்டகையை நாலு பக்கமும் எடுத்த போட்டோ, நகல், பழைய ரசீது. நேரில் வந்து அளந்து பார்த்து வரியைத் திருத்த வேண்டும் என்ற ஒரே கோரிக்கை. "குடுத்ததுக்கு நம்பர் போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காம வராதீங்க. அபராதம் ஏறாம இருக்க, ஆட்சேபணை இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டு வரியையும் கட்டிருங்க" என்றாள். கட்டினேன்.

அதன்பிறகு நான்கு தடவை போனேன். ஒரு தடவை அதிகாரி மீட்டிங்கில் இருந்தார். ஒரு தடவை ஃபைல் மேலே போயிருந்தது. ஒரு தடவை ஃபைல் கீழே வந்துகொண்டிருந்தது. நான்காம் தடவை அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, "தேதி சொல்லுங்க, அதுவரைக்கும் இங்கனயே இருக்கேன்" என்றேன். சாயங்காலம் நாலரைக்குத் தேதி சொன்னார்கள்.

சொன்ன நாளில் பில் கலெக்டர் வந்தார். சின்ன வயதுக்காரர், வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். தெருவில் பைக்கை நிறுத்தி அண்ணாந்து பார்த்து, "அந்தா இருக்குல்லம்மா மாடி" என்றார்.

"ஏறிப் பாருங்க."

"இங்கருந்தே தெரியுதே."

"ஏறிப் பாருங்க சார். உங்களுக்கு முன்னால வந்தவரும் ஏறலை. அதனாலதான் நான் ஆறு மாசமா ஏறி இறங்குதேன்."

ஏறினார். குழாயைத் தட்டிப் பார்த்தார். "இது தளமே இல்லையேம்மா" என்று அவரே எழுதினார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கீழே வந்தவர் டேப்பை எடுத்தார். முறைப்படி முழு வீட்டையும் அளக்க வேண்டுமாம். முன்னறை, நடு அறை, அடுப்படி. பின்கதவைத் திறந்து கொல்லைப் பக்கம் போனார். என் வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்துப் பால் வாங்கக் கிளம்பினார்.

"இந்த ரூமும் பாத்ரூமும் எப்பம்மா கட்டுனது? பதிவுல இல்லையே."

என் மாமியார் படுக்கையில் விழுந்தபோது கட்டிய அறை அது. பதினைந்து வருஷம் இருக்கும். கட்டி முடித்ததும் ஆபீசில் போய்ச் சொல்லிவிட்டதாகத்தான் என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார். அம்மா சாவுக்கிடையாய்க் கிடக்கும்போது அதற்கெல்லாம் யார் அலைவது என்று விட்டிருக்கிறார். பிறகு சொல்லப் பயந்திருக்கிறார். வம்பு வளக்காத, வம்பு வளக்காத என்று ஆறு மாதமாகச் சொன்னதன் அர்த்தம் எனக்கு அந்தக் கொல்லையில் நின்றபோதுதான் விளங்கியது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"எழுதிக்கோங்க சார். இருக்கறது இருக்கு" என்றேன்.

அவர் போனபின் பால் வந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ரெண்டையும் நாமளே எழுதிக் குடுத்திருக்கலாம்லா? அந்தப் பையன் முன்னால என்னைக் கள்ளி மாதிரி நிக்க வச்சிட்டீங்களே."

"நீ எங்க என்னைப் பேசவிட்ட?" என்றார்.

அதுவும் பொய்யில்லை. அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

உத்தரவு வரும்போது பங்குனி பிறந்துவிட்டது. மாடி நீங்கியது, பின்னறை சேர்ந்தது. அறைக்கு விட்டுப்போன பழைய பாக்கியைக் கழித்துக்கொண்டு, கூடுதலாகக் கட்டியதில் மீதி அடுத்த அரையாண்டில் வரவு வைக்கப்படும் என்று எழுதியிருந்தது. பக்கத்து வீட்டைவிட எங்களுக்குக் கொஞ்சம் அதிகம்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த அறையில் நாங்கள் புழங்குகிறோம்.

ஆனால் படி ஏறாமலே எழுதியதற்கு யாரும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. நான் இழந்த அரை நாள் சம்பளங்களை வரவு வைக்க எந்தப் பதிவேடும் இல்லை. லீவு போட முடியாதவர்கள், பெஞ்சில் உட்கார்ந்து சத்தம் போடக் கூசுகிறவர்கள், என் வீட்டுக்காரரைப் போல மடியில் கனத்தோடு பயந்து கிடக்கிறவர்கள் எல்லாம் கட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

போன வாரம் எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்காரி வந்தாள். வீட்டு முன்னறையில் வைத்திருந்த கடையை மூடி நாலு வருஷமாகியும் அவளுக்கு இன்னும் கடை வரிதான் வருகிறதாம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். கொத்தனாரிடம் பெரிய டேப்பு கேட்டிருக்கிறேன். முதலில் அவள் வீட்டைக் கீழிருந்து அளக்க வேண்டும்.