செடித் தொட்டியின் விலை

பழைய கண்ணாடி லாம்ப் ஷேடுகளுக்கு விலை சொல்ல எங்கள் மயிலாப்பூர் வீட்டுக்கு வந்த மீசைக்காரர், எதையும் கண்ணை மூடிக் கட்டைவிரலால் தடவித்தான் பார்த்தார். பீரோவில் நாங்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஷேடைத் தடவினார்.

"தையல் மாரி கோடு கீது சார். அச்சுல வார்த்த புதுசு."

பால்கனியில் அம்மாவின் செடித் தொட்டியைத் தொட்டதும் துள்ளினார்.

"அம்மா, இது தொட்டியில்ல! லாம்ப் ஷேடைத் தலைகீழா வச்சிக்கிறீங்க. வாயால ஊதுன பழசு. வித்தா ஸ்கூட்டரே வாங்கலாம்!"

"அடியில ஓட்டை இருந்துதே, தொட்டின்னுன்னா நெனச்சேன்! ஸ்கூட்டர் நேக்கு ஓட்டத் தெரியாது. இதுல மணிப்ளான்ட் நன்னா வர்றது."

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அப்போ ஒரு கிளையாச்சும் குடும்மா."

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தவர், கண்ணை மூடி, அம்மா ஒடித்துக் கொடுத்த கிளையின் இலையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். அதற்கு என்ன விலை போட்டாரோ!