லுணுகலை பஸ்ஸில் இரண்டு கொத்து அரிசி

மலைநாட்டுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் நுவரெலியாவோடு திரும்பிவிடுகிறார்கள். பதுளைக்கு அப்பால், பசறை வழியாக லுணுகலைக்குப் போகும் பாதைக்கு, உறவோ உத்தியோகமோ இருந்தாலொழிய யாரும் போவதில்லை. எனக்கு அங்கே உறவு இருந்தது. பதின்மூன்று வருடமாக எங்கள் வீட்டில் அதை உறவு என்று சொல்லாமல் இருந்தோம்.

என் தம்பி சிவபாலன் பசறைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக வேலை பார்த்தான். அங்கே கொழுந்து பறிக்கும் செல்லாயியை மணந்தான். அன்றோடு கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் கதவு அவனுக்கு மூடிவிட்டது. இந்த ஜனவரியில் நிமோனியாவில் இறந்து போனான். தந்தி காலை பத்து மணிக்கு வந்தது. பதுளை மெயில் ரயில் இரவு எட்டு மணிக்குத்தான். பத்து மணி நேரம் இருந்தது. அம்மா போக வேண்டாம் என்றார். நான் தலை முழுகிவிட்டு, மறுநாள் கொட்டாஞ்சேனையில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

ஆகஸ்ட் விடுமுறையில் புறப்பட்டது அவனுடைய மகள் கமலாவுக்காக. பதினொரு வயது. தோட்டப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. அவளை என்னிடம் விடும்படி செல்லாயியைக் கேட்க வேண்டும். கடிதத்தில் கேட்கக்கூடிய விஷயம் அல்ல.

உலக யுத்தம் முடிந்தும் அரிசிக் கூப்பன் முடியவில்லை. இந்த நாளில் ஒரு வீட்டுக்குச் சாப்பிடப் போகிறவர்கள் தங்கள் பங்கு அரிசியைக் கொண்டுபோவதுதான் மரியாதை. மூன்று வாரம் மிச்சம் பிடித்து இரண்டு கொத்து சேர்த்திருந்தேன். அதைப் பையில் கட்டும்போது அம்மா பக்கத்தில் வந்து நின்றார்.

“கொண்டு போ. நீயே பொங்கிச் சாப்பிடு. அவளின்ர கையால ஒண்டும் வாங்காதை.”

“இப்ப ஆர் அரிசியில்லாமல் ஒரு வீட்டை போகினம், அம்மா?” என்றேன். அவர் சொன்னதற்கு அது பதில் அல்ல என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

சனிக்கிழமை இரவு மெயிலில் மூன்றாம் வகுப்பு டிக்கட் நாலு ரூபாய் ஐம்பது சதம். காலை ஏழே காலுக்குப் பதுளை. பஸ் ஒன்பது மணிக்குத்தான் என்பதால் எதிரே இருந்த முஸ்லிம் கடையில் அப்பம் சாப்பிட்டேன். ஓரம் முறுகலாக, நடுவில் தேங்காய்ப்பால் வாசத்தோடு, தொட்டுக்கொள்ளக் கித்துள் பாணி. இரண்டு அப்பமும் தேத்தண்ணீரும் பன்னிரண்டு சதம். தேத்தண்ணீரோடு உள்ளங்கையில் ஒரு துண்டு வெல்லம் வைத்தார் கடைக்காரர்.

“சீனி கேக்காதீங்க டீச்சர். யுத்தத்துக்குப் போன சீனி இன்னும் திரும்பல்ல” என்றார். நான் டீச்சர் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். “காசக் குடுக்க முந்தி கணக்க ரெண்டு தரம் பாத்தீங்களே.”

பஸ்ஸில் இருபத்திரண்டு பேருக்கு இடம், நாற்பது பேர் இருந்தோம். சிங்களக் கொண்டக்டர் “நோனா, இஸ்ஸரஹட்ட யன்ட” என்று என்னை முன்னே தள்ளி, ஒரு மரக்கறி மூட்டைக்கும் சாரதிக்கும் நடுவே உட்கார வைத்தார். பசறை பன்னிரண்டு மைல், ஒரு மணி நேரம். வளைவுகளில் பஸ் ஒரு முறை பின்னால் வந்து பிறகுதான் திரும்புகிறது. அப்போது கீழே பார்க்காமல் இருப்பது நல்லது. ஆகஸ்டில் அங்கே மழை இல்லை. காய்ந்த காற்று தேயிலைச் சரிவுகளைச் சீவிக்கொண்டு போகிறது. ஆற்றோரமாகப் படிப்படியாக வயல்கள், அவற்றுக்கு மேலே பலா மரங்களுக்குள் சிங்கள ஊர்கள்.

பசறையில் இருபது நிமிஷம் நின்றது. ஒரு சிங்களப் பெண் வாழையிலையில் அவித்த மரவள்ளியும் மிளகாய்ச் சம்பலும் விற்றுக்கொண்டிருந்தாள். ஐந்து சதம். மூக்கில் நீர் வரும்வரை சாப்பிட்டேன். இலையை எறியும்போதுதான் உறைத்தது: காலையிலிருந்து யார் கையால் சமைத்தது என்று எந்த இடத்திலும் நான் கேட்கவில்லை. அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் அரிசி கட்டியிருந்தேன்.

பசறைக்கு ஐந்து மைல் தாண்டி இறங்கினேன். பஸ் கட்டணம் மொத்தம் ஐம்பத்தைந்து சதம். அங்கிருந்து இரண்டு மைல் ஏற்றம், ஒரு மணி நேர நடை.

டிஸ்பென்சர் வீட்டைத் தோட்டம் திரும்ப எடுத்துவிட்டது. செல்லாயி தொழிலாளர் லயத்தில் ஓர் அறையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை. வருவதாக முன்பே எழுதியிருந்தேன். என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, “வாங்கம்மா” என்றாள். கமலா தாயின் பின்னால் நின்றாள். தம்பியின் நெற்றி. நான் அரிசிப் பையை நீட்டினேன். செல்லாயி கட்டை அவிழ்த்துப் பார்த்தாள், பையை வைத்துவிட்டு வெளியே போனாள்.

சிறிது நேரத்தில் திரும்பி வந்தாள்.

“கல்லு கூட்டி வச்சிருக்கேன். பான புதுசு, தண்ணி கமலா கொண்டாந்தது, பீலியில இருந்து நேரா. நான் தொடல. நீங்களே ஆக்கிக்கிடுங்கம்மா.”

வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். மூன்று கல், கழுவிய பானை, ஒடித்து அடுக்கிய விறகு. எங்களைப் போன்றவர்கள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கோபம் இருந்ததாகவும் தெரியவில்லை. இது கூப்பன் அரிசி, நான் அப்படி நினைத்துக் கொண்டுவரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வெள்ளவத்தையில் அம்மாவுக்கு நான் மறுத்துச் சொல்லாத வார்த்தை அது. இவளிடம் சொன்னால் பொய்.

“உங்களுக்கு என்ன ஆக்கியிருக்கு?” என்று கேட்டேன்.

“குரக்கன் களி. உங்களுக்கு ஆகாது.”

“போடுங்கோ.”

அவள் உள்ளே பாயை விரித்தாள். களி உருண்டை, பலாக்கொட்டைக் குழம்பு, வல்லாரைச் சம்பல். குழம்பில் உறைப்பும் புளியும் எங்கள் கைப்பக்குவத்தைவிடத் தூக்கல். முதல் கவளத்தைக் கடித்தேன். களி பல்லில் அப்பியது. கமலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“மெல்லக் கூடாதும்மா” என்றாள் செல்லாயி. “கொழம்புல பொரட்டி முழுங்கணும். அவரும் மொத நாளு இப்பிடித்தான் கடிச்சாரு.”

அதுதான் அவனைப் பற்றி அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. நான் தலையைக் குனிந்துகொண்டு விழுங்கினேன்.

கை கழுவிய பின் கமலாவை என்னிடம் விடும்படி கேட்டேன். செல்லாயி விறகை ஒவ்வொன்றாக எடுத்து மூலையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அவுக போன அன்னிக்கு ராத்திரி ரயிலுக்கு ஆள் அனுப்பிச்சேன், காலைல நீங்க வந்து எறங்குவீங்கன்னு. பொணத்த மத்தியானம் வரைக்கும் வச்சிருந்தோம்.” கடைசி விறகை மூலையில் வைத்தாள். “ஒரு வேள சாப்பிட்டதுக்குப் பொண்ணக் குடுத்துற முடியாதும்மா. தையில வருசத் தெவசம். அன்னிக்கு வாங்க. வந்து பந்தியில உக்காருங்க. அப்புறம் பேசலாம்.”

நியாயம் என்றுதான் பட்டது. அப்படியே சொன்னேன்.

நாலு மணிக் கடைசி பஸ்ஸுக்கு ரோட்டுவரை கூடவே நடந்து வந்தாள். பஸ் நிறைந்திருந்தது. கொண்டக்டரிடம், “எங்க வீட்டுக்காரரோட அக்கா. முன்னால எடம் குடுங்க” என்றாள்.

இந்தப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்கு: பதுளையில் ஒன்பது மணி பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது இரண்டரைக்குத்தான்; அன்றே திரும்ப முடியாது. தோட்டத்துக்குள் போக முன்கூட்டியே எழுதி அனுமதி கேளுங்கள், இல்லாவிட்டால் கங்காணி ரோட்டிலேயே திருப்பிவிடுவார். அரிசி கொண்டு போனால், அதை எல்லாருக்குமாக உலையில் போடச் சொல்லி வாயால் சொல்லிக் கொடுங்கள்.

ஆகஸ்ட் நல்ல மாதம். தை மாதம் அங்கே மழைக்காலம். மண் சரிந்தால் பஸ் பசறையோடு நின்றுவிடுமாம். அதற்கப்பால் ஐந்து மைல் ரோடு, இரண்டு மைல் ஏற்றம். மூன்று மணி நேரத்தில் நடந்துவிடலாம் என்று கொண்டக்டர் சொன்னார். எனக்கு நாலு மணி நேரம் ஆகும் என்று வைத்திருக்கிறேன்.