சோலிக்கு நேரம் போடுகிறவள்

ஈரத்துணியோடு சீனியம்மாள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தால் போதும், ஜெயபாய் திரும்பிப் பார்க்காமலே இரண்டு காலையும் தூக்கிக்கொள்வாள். கீபோர்டில் தட்டுவது மட்டும் நிற்காது. துணி அந்தப் பக்கம் போனதும் கால்கள் தாமாக இறங்கும். ராஜபாளையத்தில் அந்த நூல் மில்லின் கம்ப்யூட்டர் அறையைத் துடைப்பது சீனியம்மாளின் வேலை. ஏசி போட்ட அறை. யாராக இருந்தாலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், மானேஜர் சங்கரலிங்கம் உட்பட. மற்றவர்களுடையது கிழக்கும் மேற்குமாகக் கிடக்க, ஜெயபாயின் செருப்பு மட்டும் சுவரோரமாக, மூக்கு வெளியே பார்க்க நிற்கும். திரும்புகிறபோது காலை நுழைத்தால் போதும். அதற்கும் முன்கூட்டியே ஓர் ஏற்பாடு.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். நாற்பதை நெருங்கும் வயது. மூக்குக்கண்ணாடி, தோளில் ஊக்குக் குத்திய சேலை, குளிருக்குக் காதில் மில் பஞ்சு. பார்த்த முதல் நாளே சீனியம்மாள் "டீச்சரம்மா" என்று கூப்பிட்டுவிட்டாள், அதுவே நிலைத்துப்போனது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்தாக ஒரு வரி தட்டுவாள். சுண்டுவிரலால் பெரிய பொத்தானை ஒரு அமுக்கு. பிறகு கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்துவிடுவாள். வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வேலைக்கு நேரம் குறித்தாகிவிட்டது என்று அர்த்தம்.

"சோலிய வரிசையில போட்டாச்சுக்கா. இனி அது பாட்டுக்கு எந்திரிக்கும், அது பாட்டுக்குச் செய்யும், அது பாட்டுக்குப் படுத்துக்கிடும்" என்பாள். நூல் உற்பத்தி, ஸ்டோர் இருப்பு, ஷிப்ட் சார்ட் எல்லாமே அவளுக்குச் சோலிதான்.

கம்ப்யூட்டர் வந்தது தொண்ணூற்றிரண்டில். அந்த வருஷம் ஒரு நாள் காலை சீனியம்மாள் தனியாகத் துடைத்துக்கொண்டிருந்தபோது, யாரும் தொடாத பிரிண்டர் கிறீச்சென்று கத்திக்கொண்டு தாளைத் தள்ளத் தொடங்கியது. துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஜெயபாயின் மேல் மோதினாள்.

"டீச்சரம்மா, உள்ள யாரோ இருக்காவ."

"ஒருத்தருமில்ல. நான் நேத்து சொல்லிட்டுப் போனது."

"நேத்து சொன்னதுக்கு இன்னைக்கா?"

"ஆமா. உங்க வீட்டுக்காரரு கேக்காரா இப்படி?"

சீனியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போய் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்: "ஒரு வரி எழுதி வச்சுட்டு அவிய பஸ் ஏறிப் போயிருதாவ. அது மறக்காம எந்திரிக்கு. சாமிகிட்ட கேட்டாக்கூட நாம திரும்பத் திரும்ப ஞாபகப்படுத்த வேண்டியிருக்கு."

வரிக்குள் பூப்பூவாக வருகிற நட்சத்திரக் குறிகள் என்னவென்று பிறகொரு நாள் கேட்டாள். எந்த மாதமானாலும் சரி, எந்தத் தேதியானாலும் சரி, சோலி நடக்க வேண்டும் என்று அதற்குப் பொருளாம்.

"அப்ப நான் செத்த பொறவும் நடக்குமா?"

"நான் செத்த பொறவும் நடக்கும்" என்றாள் ஜெயபாய், கண்ணாடியை முந்தானையில் துடைத்துக்கொண்டே.

அப்படிப்பட்டவளும் ஒரு தடவை கோட்டைவிட்டாள். ஆயுத பூஜை. மில்லில் எல்லா மெஷினும் நின்று, சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு, கைபடாமல் ஓய்ந்திருந்தன. கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தது சீனியம்மாள்தான். பிரிண்டருக்குச் செவ்வந்தி மாலை. வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள் என்றாலும் ஜெயபாய் வேண்டாமென்று சொல்லவில்லை. "திரைக் கண்ணாடி மேல மட்டும் வைக்காதிய" என்று ஒதுங்கி நின்றாள். மானேஜர் சூடம் காட்டும் நேரத்தில் பிரிண்டர் எழுந்தது. மாலையை உள்ளே இழுத்து மென்று, செவ்வந்தி இதழ் ஒட்டிய தாளைத் துப்பியது. மானேஜர் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

"அதுக்குப் பூஜை தெரியாது சார். நான்தான் சொல்லி வச்சிருக்கணும்" என்றாள் ஜெயபாய்.

அதிலிருந்து, விடுமுறை எதுவானாலும் முந்தின நாளே அந்த வரியின் தலையில் ஒரு குறி போட்டுவிடுவாள். குறுக்கே இரண்டு கோடு, நெடுக்கே இரண்டு கோடு, ஜன்னல் கம்பி மாதிரி. "இத முன்னால போட்டாச்சுன்னா சோலி உள்ளேயே கிடக்கும். எடுத்தாத்தான் வெளிய வரும்." இங்கிலீஷில் ஓர் எழுத்தும் அறியாத சீனியம்மாளுக்கு அந்த ஜன்னல் மட்டும் தெரியும்.

கிறிஸ்மஸுக்கு ஒரு தடவை சீனியம்மாள் மடவார் வளாகத்து வீட்டுக்குப் போயிருந்தாள். அடுப்படியில் மறுநாள் காலைக்கான பாத்திரங்கள் எடுக்கும் வரிசைப்படி நின்றன. காப்பித்தூள் டப்பாவின் மேலேயே கரண்டி. ஜெயபாயின் வீட்டுக்காரர் பொன்னுராஜ் முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னார்: "எனக்கும் ஒரு நேரம் போட்டு வச்சிருக்கா. பிந்திட்டேன்னா குளிக்கத் தண்ணி கிடையாது."

மில்லில் அவளிடம் கெஞ்சிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. சனிக்கிழமை மதியம் அடுத்த வாரத்து ஷிப்ட் சார்ட் தானாக அச்சாகும். கேட்டில் ஒட்டிவிட்டால் ஒட்டியதுதான், யூனியன்காரர்கள்கூட அதற்குப் பிறகு பேசுவதில்லை. மகளைப் பகல் ஷிப்டுக்கு மாற்ற வேண்டும் என்று கொய்யாப்பழப் பையோடு வருவார்கள்.

"ஆளப் போடுறது டைம் ஆபீஸ். நான் போடுறது நேரம் மட்டுந்தான். மானேஜர் சொல்லாம ஒரு புள்ளிகூட மாத்த மாட்டேன்" என்பாள். பை வந்த வழியே போகும். சார்ட் அச்சாகும் நாளில், தானாக நடக்கிற வேலைதானே என்று அவள் எழுந்து போனதும் கிடையாது. கடைசித் தாள் கிழிகிற வரை நாற்காலியிலேயே இருப்பாள். "அடுப்புல பால் இருக்கையில தெருவுக்குப் போவமாக்கா?"

இந்தச் சனிக்கிழமை காலை டைம் ஆபீஸ் வேல்சாமி சீனியம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னான்: "துடைக்கிறதுக்குக் காண்ட்ராக்ட் ஆள் வருதாம். உன்னத் திங்கக்கிழமையிலருந்து பழையபடி புளோ ரூமுல போட்டிருக்கு."

புளோ ரூம் என்பது பஞ்சுப் பேலை உடைத்து அடிக்கிற இடம். எதிரே நிற்கிற ஆளின் முகம் தெரியாத தூசி. அங்கே வேலை பார்த்துத்தான் சீனியம்மாளுக்கு இளைப்பு வந்தது. படுத்தால் மூச்சு வராமல், சுவரில் சாய்ந்தே உறங்கிய நாட்கள் உண்டு. டாக்டர் சீட்டைப் பார்த்துத்தான் இந்தக் குளிர்ந்த அறையைக் கொடுத்தார்கள்.

மதியம் மறுபடியும் வாளியோடு உள்ளே வந்தாள். துடைத்த தரையையே துடைத்தாள்.

"டீச்சரம்மா, சார்ட்டு வந்துருச்சா?"

"இன்னும் செத்த நேரம் இருக்கு."

வேல்சாமி சொன்னதைச் சொன்னாள். ஜெயபாய் காதுப் பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"அந்த ஜன்னல ஒரே ஒரு நாளைக்குப் போட்டு வைக்க முடியாதா? நான் மானேஜரப் பாத்துப் பேசுத வரைக்கும்."

"உங்கள உள்ள விடுவாவளாக்கா?" என்றாள் ஜெயபாய். பிறகு மெதுவாக, "அவரு சொல்லாம நான் கை வைக்கிறதில்ல. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும் டீச்சரம்மா. கேக்காம இருக்க முடியல."

சீனியம்மாள் குனிந்து துணியை இழுத்தாள். அந்த அமைதியில் அவள் நெஞ்சுக்குள்ளிருந்து மெலிதாக ஒரு விசில் வந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தாள். கால்கள் உயரவில்லை. துணி பாதத்தில் இடித்து நின்றது. மேலே தட்டுவதும் நின்றிருந்தது. பிறகு ஒரு தட்டல், சற்று இடைவெளி, பெரிய பொத்தானில் ஒரு அமுக்கு.

நிமிர்ந்து பார்த்தாள். கறுப்புத் திரையில் அந்த ஒரு வரியின் தலையில், பச்சையாக, ஜன்னல்.

சீனியம்மாள் துணியோடு எழுந்து நின்றாள். ஒரு விரல் நுனி. மில்லின் அடுத்த வாரம் மொத்தமும் கம்பிக்குப் பின்னால் கிடந்தது. சுவர்க் கடிகாரத்தில் சார்ட்டுக்குரிய நேரம் வந்தது, தாண்டியும் போனது. பிரிண்டர் வாயைத் திறக்கவில்லை.

ஜெயபாய் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். கதவைத் திறந்து வெளியே நடந்தாள்.

"எங்க போறிய டீச்சரம்மா? செருப்பு கிடக்கு."

ஈரத் தரையில் பதிந்த வெறுங்கால் தடம் வாசலைத் தாண்டி, மானேஜர் அறை இருக்கும் பக்கம் திரும்பியது. சுவரோரத்தில் செருப்பு, மூக்கு வெளியே பார்க்க, வைத்தது வைத்தபடி நின்றது.