கல்கத்தாக் காசு

இன்று மேலப்பாளையம் பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த பழைய ரூபாயை, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் புரட்டிப் பார்த்தேன். வருடத்துக்குக் கீழே குறி எதுவும் இல்லை. அந்த யோசனையில் இறங்க வேண்டிய இடத்தையும் விட்டுவிட்டேன். எனக்கு இது புதிதல்ல.

பம்பாயில் அடித்த காசில் வைரம் இருக்கும், ஹைதராபாத் காசில் நட்சத்திரம். மூத்த நாணயச்சாலையான கல்கத்தா மட்டும் தனக்கென்று குறி வைத்துக்கொள்ளவில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் பக்கத்து வீட்டு பாத்திமா மாமியின் கணவர் கல்கத்தாவுக்குக் கடை வேலைக்குப் போனார். பிறகு கடிதமும் நின்றுவிட்டது.

இன்று மூன்று மாடி நிற்கும் இடத்தில் அன்று மாமியின் முற்றம் இருந்தது. புகையிலை நெடிக்கும் கத்தரிக்கோல் சத்தத்துக்கும் நடுவே, பீடிக் கூலியில் வந்த காசுகளை வெயிலில் பிடித்துப் பார்த்து, குறியில்லாததை மட்டும் மாமி செலவழிக்காமல் தூக்குச்சட்டியில் போடுவாள்.

"அவ்வொ கைப்பட்டு வந்ததா இருக்கும்லா."

"ஏட்டி, மாப்பிள்ளைய சட்டிக்குள்ள பூட்டிட்டியே" என்று கூட இருந்து பீடி சுற்றும் பெண்கள் சிரிப்பார்கள். மாமியும் சிரிப்பாள்.

சட்டியில் நிறைந்திருந்த அஞ்சு பைசாவைக் கடைகளில் வாங்குவதை நிறுத்தியபோது மகன் காசிம் சட்டியைத் தூக்கிவந்து, "உம்மா, இதெல்லாம் இனி செல்லாது" என்றான்.

மாமி நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்:

"இங்கன செல்லாட்டி இருக்கட்டும்லே. அவ்வொ ஊர்ல செல்லும்."