ஒரு நாளும் விடாத நோன்பு

இருபத்திரண்டாம் நோன்பன்று மாலை ஆறு முப்பத்தொன்றுக்குப் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழத்தைத் தின்று தண்ணீர் குடித்து நிமிர்ந்தேன். பள்ளிவாசல் கஞ்சியைக் கிண்ணங்களில் ஊற்றிக்கொண்டிருந்த என் நாத்தனார், என் மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"ஏன் மதினி, இவளும் ஒரு நாள்கூட விடல போலிருக்கே. மாத்திரை போட்டுத் தள்ளி வச்சிருக்காளா?"

மாதவிலக்கு நாட்களில் எங்கள் பெண்களுக்கு நோன்பும் இல்லை, தொழுகையும் இல்லை. விட்ட நோன்புகளைப் பிறகு வைத்துக்கொள்வோம். ரமலான் முழுவதையும் விடாமல் வைக்க ஆசைப்படுகிறவர்கள் மாத்திரை போட்டு அந்த நாட்களைத் தள்ளிப்போடுவதும் உண்டு.

எனக்கு அந்த வருடம் மாத்திரை தேவைப்படவில்லை. நாற்பத்தொன்பது வயதில் அது அடியோடு நின்றுவிட்டிருந்தது. வயதுக்கு வந்த பிறகு முதல்முறையாக ஒரு நாளும் விடாமல் நோன்பு வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமையும், இவ்வளவு பட்டினி கிடந்தும் இடுப்புச் சதை ஏன் குறையவில்லை என்ற எரிச்சலுமாக என் உடம்பையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். முந்தைய வருடங்களில் நோன்பில்லாத நாட்களில் நானும் மகளும் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் சாப்பிடுவோம். அந்த வருடம் கதவைச் சாத்தவே இல்லை. அது எனக்கு உறைக்கவும் இல்லை.

மகளுக்குப் பத்தொன்பது வயது. தினமும் பஸ்ஸில் போய்ப் பெரம்பலூரில் படிக்கிறாள். தலையைத் தூக்காமல் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனாரிடம் ஆமாம் என்று சொல்லி வைத்தேன். அவள் போன பிறகு மகளைக் கேட்டேன். ஐந்து மாதமாக வரவில்லை என்றாள். கல்யாணமாகாத பெண் இப்படிச் சொன்னால் ஒரு தாய்க்கு முதலில் எது தோன்றுமோ, அதுதான் எனக்கும் தோன்றியது. வாயைத் திறந்து கேட்கவில்லை. என் முகமே கேட்டுவிட்டது போலிருக்கிறது.

"அப்படிலாம் ஒண்ணும் இல்லம்மா," என்றாள். "குண்டாயிட்டதால வரலன்னு நெனச்சேன். நோன்பு புடிச்சா எடை குறையும், அதுவும் தானா வந்துடும்னு இருந்தேன்."

அதற்காக, விடியலுக்கு முன் சஹர் நேரத்தில் சாப்பிடுவதுபோல் பாவனை செய்துவிட்டு, வெறும் தண்ணீரைக் குடித்துப் படுத்திருக்கிறாள். அப்படியும் எடை ஏறியிருந்தது. பெருநாளைக்குத் தைக்கக் கொடுத்தபோது எங்கள் இருவருக்கும் ஒரே இடுப்பளவு என்று தையல்காரப் பெண் சிரித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதை நான் வளைகுடாவில் இருக்கும் என் கணவரிடம் போனில் வேடிக்கையாகச் சொல்லியிருந்தேன். பிள்ளை பூசினாற்போல இருந்தால் நல்லதுதானே என்று அவரும் சிரித்தார்.

மறுநாள் காலை பஸ் ஏறினோம். வேப்பூர்ப் பக்கம் சாலையில் பாதியை அடைத்து மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். பஸ் ஊர்ந்து ஊர்ந்து போனது.

டாக்டரம்மா வயிற்றை ஸ்கேன் எடுக்க வேண்டும், வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும் என்றார். அவள் நோன்பு என்றேன். அப்படியானால் இன்றைக்கு விட்டுவிடுங்கள் என்றார். வராந்தாவில் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு மகள் அழுதாள். நோய்க்காக விடுவதில் தவறில்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் எதிரே ஆட்கள் உட்கார்ந்திருக்க, பகல் வெளிச்சத்தில் அவளால் குடிக்க முடியவில்லை. என் துப்பட்டாவை விரித்து அவள் முகத்துக்கு முன்னால் திரைபோலப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் மடக்கு மடக்கென்று சத்தம் கேட்டது. வேறெதையும் நான் அன்று அவ்வளவு உன்னிப்பாகக் கேட்கவில்லை.

சினைப்பையில் நீர்க்கட்டிகள். நான் பயந்த எதுவும் இல்லை. இவள் உடம்பில் இன்சுலினின் பேச்சு சரியாக எடுபடுவதில்லை, அதனால் அது இன்னும் இன்னும் சுரந்து, தின்பதைக் கொழுப்பாகச் சேர்த்து வைக்கச் சொல்கிறது என்று விளக்கினார். எல்லாப் பெண்களிடமும் கொஞ்சம் இருக்கும் ஆண் ஹார்மோன் இவளிடம் கூடுதலாகி, முட்டை முதிரவிடாமல் தடுக்கிறது. பட்டினி இதற்கு மருந்தல்ல. நேரத்துக்குச் சாப்பாடு, நடை, தூக்கம், மாத்திரை. எடை கொஞ்சம் இறங்கினாலே போதும், மாதவிலக்கு திரும்பி வர வாய்ப்புண்டு, ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார்.

கிளம்பும்போது என் வயிற்றைக் காட்டி நானும் கேட்டேன். டாக்டரம்மா சிரித்தார்.

"உங்களுக்கு எல்லாம் அடங்குதும்மா. இவளுக்கு இன்னும் ஒரு ஒழுங்குக்கு வரல. அதான் ரெண்டு பேரும் ஒரே மாதிரி நிக்கிறீங்க."

வயது ஏற ஏறத் தசை குறைகிறது, உடம்பின் சக்திச் செலவும் குறைகிறது. ஈஸ்ட்ரோஜன் வற்றும்போது, தொடையில் சேர்ந்துகொண்டிருந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. பட்டப்படிப்பு படித்தவள் நான். என் உடம்பில் நடந்துகொண்டிருந்த இந்தக் குடிபெயர்வு அவர் சொல்லும்வரை எனக்குத் தெரியவில்லை. திரும்பும் பஸ்ஸில் என் தோளில் தூங்கிய மகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கண்ணுக்குத் தெரியாத அளவு ஏதோ ஒன்று, ஓர் ஏரித் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புக் கரைந்தாற்போல, ரத்தத்தில் கூடுகிறது, குறைகிறது. அது சொன்னால் இடுப்பு பெருக்கிறது, மோவாயில் முடி முளைக்கிறது, ஒரு குழந்தைக்கான வழி திறக்கிறது, மூடுகிறது. இருபத்திரண்டு நோன்பின் வைராக்கியத்தை அது சட்டையே செய்யவில்லை. இந்த உடம்பைப் படைத்தவனை நினைத்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயமும் அதில் பாதி இருந்தது.

பெருநாள் முடிந்து வெள்ளாற்றங்கரையில் நடக்க ஆரம்பித்தோம். அவள் முன்னால், நான் மூச்சிரைக்கப் பின்னால். அவளுக்கு எடை மெல்ல இறங்கியது. எனக்கு நின்ற இடத்தில் நின்றது. மாதங்கள் போயின. கேட்டால் அழுவாளோ என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தாலும் ஒவ்வொரு வேளைத் தொழுகைக்கும் அவள் என் பக்கத்தில் வந்து நிற்பாள். பதில் அதிலேயே இருந்தது.

மழைக்காலத்தில் ஒரு நாள், மாலை அஸர் தொழுகைக்காக எங்கள் இருவருக்கும் முசல்லா விரிப்புகளை விரித்துக்கொண்டிருந்தேன். பெரம்பலூர் பஸ்ஸை விட்டு இறங்கி நனைந்துபோய் வந்த மகள், பையைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"ஒண்ணு மட்டும் விரிங்கம்மா, போதும். எனக்கு இன்னிக்குத் தொழுகை இல்ல."